அம்மாவுக்குக் கமரா: கை நடுக்கமும் கரண்ட் வெட்டும் தாங்கக்கூடினது எது?

முத்தையன்கட்டுத் தண்ணி:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானில இருக்கிற அம்மாவுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கமரா வாங்கிக் குடுக்க வேணும். வயது 68. ரச் போன் வேண்டாம் எண்டுறா. காய்ஞ்ச விரலுக்கு அது பிடிபடுறேல்ல, படம் எடுக்கப் போய் ஆருக்கோ கோல் போயிடுதாம். ஒரு கண்ணில கற்றராக் வெட்டி லென்ஸ் வைச்சிருக்கு. வலக்கை லேசா நடுங்கும். வீட்டில கொம்பியூட்டர் இல்லை. மாரியில கரண்ட் போனா எப்ப வருமெண்டு சொல்லேலாது.

எடுக்கப் போறது பேரப்பிள்ளையள், வளவுக்குள்ள வாற மயில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். பிறகு ஸ்ரூடியோவில குடுத்துக் கழுவி அல்பத்தில ஒட்ட வேணும், எங்களுக்கும் அனுப்ப வேணும். தம்பி பொங்கலுக்கு ரொறன்ரோவில இருந்து வாறான், அங்கயிருந்தும் கொண்டுவரலாம். இங்க ஒரு கடையில "48 மெகாபிக்சல், 16 மடங்கு ஸூம்" எண்டு மலிவா ஒண்டு காட்டினவை. எடுக்கலாமோ?

மாங்குளம் சந்தி:

அந்த 48 மெகாபிக்சலைத் தொடாதேங்கோ. அந்த விலைக்கு வாற பெயர் தெரியாத கமராக்களில அனேகமானது, சின்னச் சென்சரில (வெளிச்சத்தைப் படமாக்கிற துண்டு) எடுத்த படத்தை உள்ளுக்குள்ள இழுத்துப் பெருப்பிச்சுப்போட்டு 48 எண்டு எழுதுறது. கனக்க மொடலில போகஸ் கூட அசையாது, ஒரே தூரத்தில பூட்டினபடி கிடக்கும். கடையிலயே கண்டுபிடிக்கலாம். கமராவை ஓன் பண்ணி ஸூம் நெம்பைத் தள்ளுங்கோ. லென்ஸ் குழாய் வெளிய நீண்டு வந்தா உண்மையான ஸூம். குழாய் அசையாம திரையில மட்டும் ஆள் பெருத்தா அது படத்தின்ர நடுவை வெட்டிப் பெருப்பிக்கிற டிஜிட்டல் ஸூம். தண்ணி புகாத கமராவுக்கு மட்டும் இந்தச் சோதனை சரிவராது, அதின்ர லென்ஸ் பெட்டிக்குள்ளயே அசையும்.

மெகாபிக்சல் எவ்வளவு காணும்? அல்பத்துக்கு 6×4 அங்குலத்தில, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அடிச்சா 1800×1200. அது 2 மெகாபிக்சல் சொச்சம்தான். சுவரில மாட்டுற 12×8க்கு 8.6. இப்ப விக்கிற 16, 20 எல்லாம் தாராளம்.

உங்கட அம்மாவுக்கு முதல் பாக்க வேண்டியது கை நடுக்கம். 200 மி.மீ. ஸூமில (இந்த எண் கூடக்கூடத் தூரத்தில நிக்கிறது கிட்டத் தெரியும்) மயிலைப் பிடிக்க, சட்டர், அதான் வெளிச்சத்தை விட்டு மூடுற கதவு, ஒரு செக்கனில 200இல ஒரு பங்காவது வேகமா இருக்க வேணும் எண்டது பழைய கணக்கு. பாலைமர நிழலுக்குள்ள கமரா தன்ர பாட்டில எடுக்கிற வேகம் 60இல ஒரு பங்கு அளவில நிண்டிடும். மிச்சத்தைச் சமாளிக்கிறது ஒப்டிகல் ஸ்டெபிலைசர். லென்சுக்குள்ள ஒரு துண்டுக் கண்ணாடி, கை ஒரு பக்கம் அசைய அது மற்றப் பக்கம் அசைஞ்சு குடுக்கும். பெட்டியில "டிஜிட்டல்" அல்லது "எலெக்ட்ரோனிக்" ஸ்டெபிலைசர் எண்டு இருந்தா அதை நம்பி வாங்க வேண்டாம். மயில் ஓடினா எந்த ஸ்டெபிலைசரும் உதவாது எண்டதையும் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கோ.

மொடல் பெயரில ஒரு எண் மாறினாலும் இது மாறிடும். சோனி டபிள்யூ 800க்கு 5 மடங்கு ஸூம், ஒப்டிகல் ஸ்டெபிலைசர் இல்லை. பாத்தா அதே மாதிரி இருக்கிற டபிள்யூ 830க்கு 8 மடங்கு, 25–200 மி.மீ., ஸ்டெபிலைசர் இருக்கு. கனன் இக்சஸ் 185இல இல்லை, 190இலயும் 285இலயும் இருக்கு. 285க்கு 12 மடங்கு, 25–300 மி.மீ., 3 அங்குலத் திரை. 830இன்ர திரை 2.7 அங்குலம், புள்ளியும் பாதிதான். கற்றராக் வெட்டின கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நான் சொன்னா 285. கனடாவில அதே கமராவுக்குப் பவர்ஷொட் எல்ப் 360 எண்டு பேர், யப்பானில இக்சி 650. தம்பி அங்க போய் இக்சஸ் எண்டு கேட்டா கடைக்காரன் முழிப்பான்.

சூரியத்தகடு:

மாங்குளத்தார் கரண்டைப் பற்றி வாயே திறக்கேல்ல. மாரியில மூண்டு நாள் கரண்ட் இல்லாட்டி லிதியம் பற்றரி போட்ட கமரா அலுமாரிக்குள்ள தூங்க வேண்டியதுதான். பென்ரோச் பற்றரி, அதான் டபிள் ஏ, ரெண்டு போடுற கமராவையும் பாருங்கோ. கொடாக் பிக்ஸ்புரோ எஃப்.இசட் 45 இப்பவும் புதுசா வருது, 16 மெகாபிக்சல், 27–108 மி.மீ. பழசில நிக்கோன் கூல்பிக்ஸ் ஏ10, எல்31. பற்றரி இருக்கிற பக்கம் புடைச்சிருக்கிறதால வயது போனவைக்குப் பிடி கிடைக்கும், அதுவும் ஒரு நன்மை.

ஆனா பெட்டிக்கடையில தொங்குற மலிவுக் கார்பன் பற்றரியைப் போட்டா நாலைஞ்சு படத்தோட கமரா செத்துப்போகும். மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் செய்த சாமான் அது. லென்ஸ் மோட்டர் ஓடேக்கையும் பிளாஷ் ஏறேக்கையும் ஒரே இழுவையா கரண்ட் கேக்கும், கார்பன் பற்றரியால அதைக் குடுக்கேலாது. அல்கலைன் எண்டு எழுதினதை வாங்குங்கோ. நல்லது, திருப்பிச் சார்ஜ் பண்ணுற நிக்கல் பற்றரி, 2000 மில்லி அம்பியர் மணி அளவில நாலு. ரெண்டு உள்ளுக்கு, ரெண்டு ஏத்தினபடி டப்பாவில. பழசும் புதுசும் கலந்து போடக் கூடாது. நிக்கோனில மெனுவுக்குள்ள பற்றரி வகை எண்டு ஒரு தெரிவு கிடக்கு. அதை மாத்தாம விட்டா, நிக்கல் பற்றரி 1.2 வோல்ட் எண்டதால, அரைவாசி மிச்சம் இருக்கவே "பற்றரி முடிஞ்சுது" எண்டு காட்டும்.

நேர்மையாச் சொன்னா இந்த டபிள் ஏ கமராக்களில ஒப்டிகல் ஸ்டெபிலைசர் கிடைக்கிறது அருமை. கொடாக் 45இலயும் இல்லை.

பரந்தன் ஏ9:

2026இல கமராவோ? ஒரு சின்ன அன்ட்ரொய்ட் போனை வாங்கி, முகப்பில கமராவை மட்டும் வைச்சுக் குடுங்கோ. இரவில போன் எடுக்கிற படத்துக்குக் கிட்டவும் உந்தச் சின்னக் கமரா வராது.

மாங்குளம் சந்தி:

ஏ9 சொன்ன இரவுக் கதை உண்மை. போன் ஒரு தரம் அமத்த ஏழெட்டுப் படம் எடுத்து ஒண்டாக்குது. சின்னக் கமராவின்ர சென்சர் 6 மி.மீ.க்கு 4.5 மி.மீ., ஒரு உளுத்தம் பருப்பளவு; அது ஒரு படம்தான் எடுக்கும். ஆனா கேக்கிற ஆள் முதல் பதிவிலயே ரச் திரை அம்மாவுக்குப் பிடிபடாது எண்டு எழுதியிருக்கிறார். அமத்தினா "கிளிக்" எண்டு விரலுக்குத் தெரியிற பட்டன்தான் இங்க தேவை. மயிலுக்கு 300 மி.மீ. ஸூமும் மலிவுப் போனில இல்லை.

முத்தையன்கட்டுத் தண்ணி:

எல்லாருக்கும் நன்றி. அப்ப நடுக்கத்துக்கு எல்ப் 360, கரண்டுக்குக் கொடாக். ரெண்டும் ஒண்டில கிடையாதோ? எல்ப் எடுத்தா மாரியில என்ன செய்யிறது? கனடாச் சார்ஜர் எங்கட 230 வோல்ட்டுக்கு எரியாதோ?

சூரியத்தகடு:

நடுக்கம் ஒவ்வொரு நாளும் இருக்கும், கரண்ட் வெட்டு மாரியில மட்டும். அதால நானும் எல்புக்கு மாறுறன்.

அதுக்குப் போடுற பற்றரி என்.பி. 11 எல், 680 மில்லி அம்பியர் மணி, ஒரு ஏத்தலுக்கு 180 படம் அளவில வரும். மேலதிகமா ரெண்டு வாங்கச் சொல்லுங்கோ. அதோட அந்தப் பற்றரிக்கெண்டே வாற யூ.எஸ்.பி. இரட்டைச் சார்ஜர் ஒண்டு. அது போன் சார்ஜரிலயும் ஓடும், பவர் பாங்கிலயும் ஓடும், சோலார் லைற்றில யூ.எஸ்.பி. ஓட்டை இருந்தா அதிலயும் ஓடும். 10,000 மில்லி அம்பியர் மணிப் பவர் பாங்க் ஒண்டு நிறைய இருந்தா இந்தச் சின்னப் பற்றரியை எட்டுத் தரமாவது ஏத்தலாம். மாரி முழுக்கக் காணும்.

கனடாவில வாற சார்ஜரின்ர பின்பக்கம் பொடி எழுத்தில "100–240 வோல்ட்" எண்டு இருந்தா எங்கட கரண்டுக்குப் பயமில்லை, ட்ரான்ஸ்போமர் தேவையில்லை. பிளக்கின்ர தட்டைக் காலுக்கு ஒரு அடப்டர் மட்டும் வேணும். வீட்டில இருக்கிறது பழைய வட்ட ஓட்டையோ புதுச் சதுர ஓட்டையோ எண்டு பாத்து வாங்குங்கோ. தளர்வான அடப்டர் பொறி பறக்கும்.

தம்பிக்கு ஒண்டு முக்கியம். மேலதிகப் பற்றரியைக் கைப்பையில கொண்டுவர வேணும், பெரிய பெட்டிக்குள்ள போடக் கூடாது. விமானத்தில தனி லிதியம் பற்றரிக்கு அதுதான் விதி. ஒண்டோடொண்டு முட்டாம ஒவ்வொண்டையும் தனித்தனிச் சின்னப் பொலித்தீன் பையில போடட்டும்.

இன்னொண்டு. எல்ப் 360ஐ 2025இல கனன் "360 ஏ" எண்டு திரும்ப விட்டிருக்கு. படம் சேருற கார்ட் பழசுக்குப் பெரிய எஸ்.டி., புது "ஏ"க்கு நகத்தளவு மைக்ரோ எஸ்.டி. அம்மாவின்ர விரலுக்கு அது கஷ்டம். கிடைச்சா பழசு நல்லது; கிடைக்காட்டி அந்தச் சிப்பைக் கழட்டுற வேலையை வேற ஆரும் செய்யட்டும்.

பழைய பிலிம் றோல்:

கமராவைப் பெட்டியோட குடுத்தா அது பெட்டியோடதான் இருக்கும். குடுக்க முதல் ஒரு மணித்தியாலம் இருந்து இதுகளைச் செய்யுங்கோ.

திகதி, நேரம், மொழி போடுங்கோ. ரொறன்ரோ நேரத்தில வந்தா பொங்கல் படம் முதல் நாளில விழும். பற்றரியைக் கழட்டி மூண்டு கிழமைக்கு மேல வைச்சா திகதி அழிஞ்சு திரும்பக் கேக்கும், அப்ப அம்மா பயந்துபோகாம முன்னமே சொல்லி வையுங்கோ. டிஜிட்டல் ஸூமை நிப்பாட்டுங்கோ. கண் மூடினதைச் சொல்லுற எச்சரிக்கையை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி ஒவ்வொரு படத்துக்கும் திரையில ஏதோ எழுத்து வந்து குழப்பும். திரை வெளிச்சத்தைக் கூட்டுங்கோ, வன்னி மத்தியான வெயிலில ஒண்டும் தெரியாது. கார்டைக் கமராவிலயே போர்மட் பண்ணுங்கோ. 16 அல்லது 32 ஜி.பி. காணும், 20 மெகாபிக்சல் படம் ஒண்டு 5–8 எம்.பி. எண்டா 16இலயே 2000 படம் கிடக்கும். மலிவா 512 எண்டு விக்கிறதை வாங்கினா, உள்ளுக்குள்ள 8 ஜி.பி. மட்டும் இருந்து மிச்சப் படமெல்லாம் காத்தில போன கதையாகும்.

பிறகு கியூட்டெக்ஸ், அதான் நகப்பூச்சு. ஓன் பண்ணுற பட்டனில பச்சைப் பொட்டு ஒண்டு, வீடியோப் பட்டனில சிவப்பு. சின்னக் கமராக்களில ரெண்டும் விரல் படுற இடத்திலதான் கிடக்கும், "ஏன் படம் ஓடிக்கொண்டே இருக்கு" எண்டு கேக்கிற அம்மாமாரில அரைவாசிப் பேர் சிவப்பை அமத்தினவை. சோனி 830 எடுக்கிற ஆக்களுக்கும் ஒரு சொல்லு: அதில படம், நீட்டுப் படம், வீடியோ எண்டு மூண்டு நிலைக்கு ஒரு தள்ளு சுவிச் இருக்கு. பையில உரசி அது நடுவுக்குப் போனா கமராவை ஒரு பக்கமா இழுக்கச் சொல்லி அடம்பிடிக்கும். சுவிச்சுக்கு மேல ஒரு துண்டு ரேப் ஒட்டினாக் காணும்.

பழக்க வேண்டியது ஒண்டே ஒண்டு, அரை அமத்தல். பட்டன் ரெண்டு படியா இறங்கும். முதல் படியில விரல் ஒரு தடையை உணரும். அங்க நிப்பாட்டினா லென்ஸ் சின்னதா உறுமும், "பீப் பீப்" எண்டு ரெண்டு தரம் கேக்கும், முகத்தில பச்சைப் பெட்டி வரும். அதுக்குப் பிறகு மிச்சத்தை மெல்ல அமத்த வேணும். ஒரே அடியா அமத்தினா கமரா முன்னுக்குச் சாயும், போகஸ் பின்னால நிக்கிற வேலியில போய் விழும். ஒரு தரம் மட்டும் பீப் கேட்டு மஞ்சள் வந்தா ஆள் கிட்ட நிக்குது, அல்லது இருட்டு. அம்மாவை முதல் நாள் படம் எடுக்க விடாதேங்கோ. பீப் வர நிப்பாட்டி, விரலை எடுத்து, திரும்ப அமத்தி, இதையே இருபது தரம் செய்ய விடுங்கோ. விரலுக்குப் பழகினாப் பிறகு திரையைப் பாக்கத் தேவையில்லை, காதே சொல்லிப்போடும். பீப் சத்தத்தை நிப்பாட்டிப்போடாதேங்கோ.

நடுக்கத்துக்கு இன்னும் ரெண்டு. ரெண்டு முழங்கையும் விலாவோட ஒட்டியிருக்க வேணும். கையை நீட்டிப் பிடிச்சா ஸ்டெபிலைசரும் தாங்காது. அசையாத சாமானை எடுக்கேக்க 2 செக்கன் ரைமரைப் போட்டா பட்டன் அமத்தின உதறல் அடங்கினாப் பிறகுதான் படம் விழும். எடுத்து முடிய அதை நிப்பாட்டவும் பழக்குங்கோ.

கோயில் இரவுக்கு: பிளாஷ் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல போகாது, ஸூம் இழுத்தா இன்னும் குறையும். தூரத்தில தூக்குற காவடிக்குப் பிளாஷ் போட்டா முன்னுக்கு நிக்கிறவையின்ர தலை வெள்ளையா, காவடி கறுப்பா வரும். கற்பூரப் புகைக்குள்ள போட்டா புகைதான் படம். பிளாஷை நிப்பாட்டி, ஸூமை முழுக்க உள்ள விட்டு, தூணிலயோ கதிரையிலயோ கமராவை ஊண்டி எடுக்க வேணும். ஸூம் உள்ளுக்கு இருக்கேக்கதான் லென்ஸ் ஆகக்கூட வெளிச்சத்தை விடும், நீண்டா கண் சுருங்கின மாதிரி.

நந்திக்கடல் காத்து:

பாவிக்கிறதைச் சொல்லிப்போட்டியள், கெட்டுப்போறதை நான் சொல்லுறன். உந்த நீளுற லென்சுக்கு எமன் எங்கட புழுதியும் கடற்கரை மணலும். பைக்குள்ள இருக்கேக்க ஓன் பட்டன் அமுங்கினா குழாய் நீளப் பாத்து, இடமில்லாம முக்கி, பல்லுச் சில்லு தெறிக்கும். இல்லாட்டி குழாய்க்கும் வளையத்துக்கும் இடையில மணல் புகுந்து "லென்ஸ் எரர்" எண்டு காட்டிப்போட்டு நிக்கும். அதைத் திருத்துற காசுக்கு இன்னொரு பழைய கமரா வாங்கலாம்.

ஆகவே கெட்டியான ஒரு சின்னப் பை, மணிக்கட்டில பட்டி. எடுத்த படத்தைப் பாக்க மட்டும் எண்டா ஓன் பட்டனை அமத்தாம முக்கோணம் போட்ட பட்டனை அமத்தச் சொல்லுங்கோ. கனனில அப்பிடிச் செய்தா லென்ஸ் நீளாமலே படம் தெரியும், பற்றரியும் மிஞ்சும். பேரப்பிள்ளையளுக்குக் காட்டேக்க பெரிய உதவி.

முல்லைத்தீவுக் கடற்கரைதான் வேலையெண்டா லென்ஸ் வெளிய வராத, தண்ணி புகாத வகை எடுக்க வேணும். கொடாக் டபிள்யூ.பி.இசட் 2, ஒலிம்பஸ் டஃப் டி.ஜி. 6, அதுக்குப் பிறகு ஓ.எம். பெயரில வந்த டி.ஜி. 7 எல்லாம் 15 மீற்றர் ஆழம் தாங்கும். டி.ஜி. விலை கூட. ஒட்டுசுட்டான் வளவுக்கு அது வேண்டாம்.

மாரிக்கு, லென்சுக்குள்ள பூஞ்சணம். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடும், துடைக்கேலாது. ஐப்பசி தொடங்க, மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் டப்பாவில சிலிக்கா ஜெல் ரெண்டு மூண்டு பக்கற்றோட வையுங்கோ. அரிசிக்குள்ள புதைக்கிற வேலை வேண்டாம், தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள்ள போகும். தோல் பையிலயும் விடாதேங்கோ, தோல் ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். டப்பாவில இருந்தாலும் கிழமைக்கு ஒருக்கா வெளிய எடுத்துப் பாவிக்கிறது நல்லது.

முத்தையன்கட்டுத் தண்ணி:

தம்பிக்கு எல்லாம் அனுப்பியாச்சு. புதுசு கிடைக்காட்டி ஆரும் பாவிச்சது எடுக்கலாமோ எண்டு கேக்கிறான். இன்னொண்டு, பக்கத்து வீட்டாக்கள் ஸ்ரூடியோவில கழுவிக் குடுத்த படங்களில எல்லாரின்ர காலும் வெட்டுப்பட்டுக் கிடக்கு. அது கமராவின்ர பிழையோ?

பழைய பிலிம் றோல்:

ஸ்ரூடியோவில பிழையில்லை, கணக்குத்தான். கமரா எடுக்கிறது 4:3 வடிவம். 6 அங்குல அகலத்துக்கு அது 4.5 அங்குல உயரம் கேக்கும், தாள் 4 அங்குலம். அரை அங்குலம் மேலயோ கீழயோ போக வேணும், மேல வெட்டினா தலை போகும் எண்டு காலை வெட்டியிருப்பினம். கனனில மெனுவுக்குள்ள போய்ப் பட வடிவத்தை 3:2 எண்டு மாத்தி விடுங்கோ, திரையில தெரியிறதுதான் தாளிலயும் வரும். ஏற்கெனவே எடுத்த படமெண்டா "வெட்டாமப் போடுங்கோ, ஓரத்தில வெள்ளை விட்டாலும் பரவாயில்லை" எண்டு சொல்லிக் குடுங்கோ.

உங்களுக்கு அனுப்புறதுக்கு, போனில செருகிற கார்ட் றீடர் ஒண்டு. வீட்டுக்கு வந்துபோற பிள்ளையளின்ர போன் ரைப் சி எண்டா அந்த வாயோட வாங்குங்கோ. கார்டைக் கழட்டேக்க இழுக்கக் கூடாது. உள்ளுக்கு அமத்த "டிக்" எண்டு தானா வெளிய தள்ளும். வட்சப்பில படமா அனுப்பினா சுருக்கிப்போடும், டொக்கியுமெண்ட் எண்டு தெரிஞ்சு அனுப்பினா முழு அளவில வரும். திரும்பப் போடேக்க "கார்ட் லொக்" எண்டு வந்தா கமரா பழுதில்லை. கார்டின்ர இடப்பக்க விளிம்பில ஒரு பொடிச் சுவிச் இருக்கு, கழட்டேக்க அது கீழ இறங்கியிருக்கும், நகத்தால மேல தள்ளினாச் சரி.

மாங்குளம் சந்தி:

பாவிச்சதெண்டா வாங்கிற இடத்திலயே அஞ்சு நிமிசம் செலவழிக்கச் சொல்லுங்கோ. லென்ஸ் நீளேக்க மணல் அரைபடுற சத்தம் கேக்குதோ. வெள்ளைச் சுவரை முழு ஸூமில எடுத்து, படத்தைப் பெருப்பிச்சுக் கறுப்புப் புள்ளி இருக்கோ எண்டு பாக்க வேணும். லென்சுக்குள்ள ரோச் அடிச்சுப் பூஞ்சணம் தேட வேணும். பற்றரி வயிறு ஊதியிருந்தா அதை வாங்கவே கூடாது. பற்றரிக் கதவின்ர கொக்கி உடைஞ்சு ரேப் ஒட்டின கமரா, கதவு சரியா மூடாட்டி ஓன் ஆகாது.

2000களின்ர நடுப்பகுதிக்கு முந்தின கமரா ஆரும் சும்மா தந்தாலும் யோசியுங்கோ. அந்தக் காலத்துச் சென்சர் கனக்கப் பழுதாகி ஊதாக் கோடு விழும், 32 ஜி.பி. கார்டையும் வாசிக்காது. யப்பானில இருந்து வாற பழைய சோனியில மெனு யப்பான் மொழியில மட்டும் இருக்கும், மாத்தேலாது. சில நிக்கோனில தமிழ் மெனுவே இருக்கு, ஆனா எந்த நாட்டுச் சந்தைக்கு வந்ததெண்டதைப் பொறுத்தது. மொழித் தெரிவைத் திறந்து கண்ணால பாத்தாப் பிறகு காசைக் குடுக்கச் சொல்லுங்கோ.

முத்தையன்கட்டுத் தண்ணி:

எல்ப் 360 பழசு, பற்றரி ரெண்டு, யூ.எஸ்.பி. சார்ஜர், 16 ஜி.பி. கார்ட், ரைப் சி றீடர், சிலிக்கா ஜெல். தம்பியின்ர லிஸ்ற்றில கியூட்டெக்சும் போட்டிருக்கு, ஏனெண்டு கேட்டு எழுதியிருக்கிறான்.

சூரியத்தகடு:

கியூட்டெக்ஸ் முல்லைத்தீவில வாங்கலாம், அந்தப் பாரத்துக்கு இன்னொரு பற்றரி கொண்டுவரச் சொல்லுங்கோ.